சளியில் கிருமி இல்லை என்ற தாள் சாட்சிக்குப் போதுமா?

பர்மாவில் மோல்மேன் நகரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 31. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கம் தருகிறேன்.

சந்தைக்குப் போகும் தெருவில் சின்னப் பலகாரக் கடை வைத்திருக்கிறார். கணவர் தாய்லாந்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியாரும் நான்கு வயது மகளும். மூன்று மாதத்துக்கு மேலாக இருமல், இரவில் பாவாடை நனையும் அளவுக்கு வியர்வை. 96 பவுண்டு இருந்த எடை 84க்கு இறங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் சளி பார்த்துக் காசநோய் என்றார்கள். அன்றே மாத்திரை தொடங்கியது. சபையிலும் உபவாச ஜெபம் தொடங்கியது. இரண்டு மாதம் முடிந்து மறுபடி சளி பார்த்ததில் ‘கிருமி இல்லை’ என்று வந்தது. எடையும் 91 ஆகிவிட்டது. ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டி, “ஆஸ்பத்திரிச் சீட்டே சாட்சி சொல்லுது” என்றார். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. பிறகு இவரைத் தனியாகக் கூப்பிட்டு, சுகம் கிடைத்த பிறகும் மாத்திரை சாப்பிடுவது கொடுத்தவரைச் சந்தேகப்படுவது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் ஸ்தோத்திரப் பண்டிகையில் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடப்போகிறார்கள்.

இப்போது மூன்று இரவாக இருமல் எட்டிப்பார்க்கிறது. வீட்டிலோ ஆளுக்கொரு பேச்சு. மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா, எல்லாம் முன் செய்த ‘குதோ’, புண்ணியம், என்கிறார். ஆஸ்பத்திரி நர்ஸ், “மாத்திரை வேலை செய்யுது” என்றாராம். ஐந்து வருஷத்துக்கு முன் இவருடைய அக்கா இதே நோயில், இதே சபை ஜெபித்தும், இறந்துபோனார். கடிதத்தின் கடைசி வரி இது: “இது கர்த்தருடைய கிரியையா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் டாக்டர்.”

அன்புள்ள சகோதரி,

ஒரே வார்த்தை கேட்டீர்கள்: ஆம். நான் முப்பது வருஷமாக நெஞ்சு நோய் பார்க்கிறவன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போகிறவன். கிரியைதான் என்று கூசாமல் சொல்கிறேன். ஆனால் அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பாதிப் பந்தியில் எழுந்து கைகழுவப் போய்விட்டீர்கள். முதலில் வந்து உட்காருங்கள்.

மாத்திரைக் கணக்கு

மற்றதைப் பேச நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. ‘ஒரு பத்துப் பன்னிரண்டு நாளாக’ நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே சிகிச்சை அட்டையையும் மிச்ச மாத்திரைகளையும் அரிசிப் பானை மூடியின் மேல் பரப்பிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினேன். 51 மாத்திரை. உங்களுக்கு நாளைக்கு மூன்று. அட்டையில் உள்ள தேதியோடு சேர்த்துப் பார்த்தால் 17 நாள் ஆகிறது. கடை நடத்துகிறவர் நீங்கள், கணக்குத் தெரியாமல் எழுதியிருக்க மாட்டீர்கள். மனசு கூச்சப்பட்டுச் சில நாளைத் தள்ளுபடி செய்திருக்கிறது. என்னிடம் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் 17 என்றே சொல்லுங்கள்.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. அது சொன்னதைவிட அதிகமாக அதைப் பேச வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நுண்ணோக்கியில் சளி பார்க்கும்போது, ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் ‘இல்லை’ என்றே எழுதுவார்கள். முதல் இரண்டு மாதம் உங்களுக்குக் கொடுத்தது நான்கு மருந்து. வேகமாகப் பெருகுகிற கிருமிகளை அது அடித்துத் தள்ளிவிடும். இருமல் அடங்கும், பசி எடுக்கும், எடை ஏறும். சரியாகச் சாப்பிட்ட பெரும்பாலோருக்கு இரண்டாம் மாத முடிவில் சளி சுத்தமாகத்தான் வரும். எஞ்சியவை அசையாமல் முடங்கிக் கிடக்கும் கிருமிகள். அவை எப்போது கண் விழிக்கிறதோ அப்போதுதான் மருந்துக்கு அகப்படும். அதற்காகத்தான் இன்னும் நான்கு மாதம், இரண்டு மருந்து. மொத்தம் ஆறு மாதம் என்பது டாக்டர்கள் பயந்துபோய்ச் சேர்த்துக்கொண்ட கணக்கில்லை. அதைவிடச் சீக்கிரம் நிறுத்தினவர்களுக்கு நோய் திரும்புவதைப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கு.

பாதியில் விட்டால், பிழைத்த கிருமி அடுத்த முறை மருந்துக்கு அடங்காமல் போகலாம். காசநோயும், மருந்துக்கு அடங்காத காசநோயும் அதிகமுள்ள நாடுகள் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இரண்டு பட்டியலிலும் நம் நாடு இருக்கிறது. அந்த அடங்காத வகைக்குச் சில ஆண்டுகள் முன்புவரை 18 மாதமும் அதற்கு மேலும் மருந்து, பல மாதம் தினமும் ஊசி. ஊசியால் காது கேட்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். இப்போது சிகிச்சைக் காலம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்த வாசலுக்கு நீங்கள் போக வேண்டாம்.

ஆகவே நாளைக் காலையில் கடையைத் திறக்காமல், அட்டையையும் மிச்ச மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 17 நாள் விட்டேன், மூன்று இரவாக இருமல் என்று இரண்டையும் சொல்லுங்கள். மறுபடி சளி பார்ப்பார்கள். ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி இருந்தால் முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்தா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் ஆறு, ஒன்பது என்று விழுங்கிவிடாதீர்கள். யாராவது திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டுகிற நர்ஸ் பெரும்பாலும் அக்கறையுள்ள நர்ஸ். மருந்து இலவசம். நடுவில் விட்டவர் என்பதற்காக அதை மறுக்க மாட்டார்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது மருந்தின் சாயம், ஒன்றும் செய்யாது. கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே போக வேண்டும். புதிய சளி முடிவு வரும்வரை இரவில் மகளைப் பாட்டியோடு படுக்க வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூடிய அறையில் நடக்கும் முழு இரவு ஜெபத்துக்குப் போகாதீர்கள்.

யார் செய்தது என்ற வழக்கு

ஒரு நோயாளி குணமானதும் நான்கு பேர் சொந்தம் கொண்டாடுவது நம் வீடுகளில் புதிதல்ல. இதில் எனக்கும் ஒரு பழைய கறை உண்டு. பல வருஷத்துக்கு முன், மூன்றாம் மாதச் சிகிச்சையில் இருந்த ஒரு பெரியவர், “ஜெபத்தால சுகமாயிட்டேன் டாக்டர்” என்றார். அன்று நல்ல கூட்டம், மின்சாரமும் இல்லை. “அப்படின்னா நான் இத்தனை நாள் மாத்திரையை யாருக்குக் கொடுத்தேன்?” என்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற கம்பவுண்டரும் சிரித்தார். பெரியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவே இல்லை. அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. அவர் சொன்னதையும் நான் கொடுத்ததையும் எதிரெதிராக நிறுத்தியது நான்தான். உங்கள் பாஸ்டர் இப்போது செய்திருப்பதும் அதையேதான், எதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு. ஆகவே அவர்மேல் கல்லெறிய எனக்கு வாய் இல்லை.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தேவனுடைய கிரியைகள்’ என்ற சொல்லே அங்கே வருகிறது: பிறவிக் குருடனைக் காட்டி, “தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்பொருட்டு இப்படிப் பிறந்தான்” என்கிறார் ஆண்டவர். சொன்னவர் அடுத்து என்ன செய்கிறார்? தரையில் துப்பி, சேறு உண்டாக்கி, கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்கிறார். ஒரு வார்த்தையில் முடிக்கக் கூடியவர்தான். மண்ணும் எச்சிலும் குளத்துத் தண்ணீரும் அந்த மனுஷனின் நடையும் எதற்கு? பூசின சேற்றோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தால்? எசேக்கியா ராஜாவின் கதையும் உங்களுக்குத் தெரியும். கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏசாயா, “அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள்” என்கிறார். அதைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டினார்கள். வாக்கு இருக்கும்போது பற்று எதற்கு என்று ராஜா கேட்கவில்லை.

மண் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாத்திரைக்குச் செங்கல் நிறம் தருகிற ரிஃபாம்பிசின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1957ல் தென் பிரான்ஸின் கடலோரப் பைன் காடு ஒன்றில் எடுத்த மண்ணை இத்தாலியில் மிலான் நகர ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர் சுரக்கும் பொருளை வருஷக்கணக்கில் திருத்தித் திருத்தி 1960களில் இந்த மருந்தைச் செய்தார்கள். ஆண்டவர் மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தார், புத்தியுள்ளவன் அவற்றை வெறுக்க மாட்டான் என்ற கருத்தில் சீராக் ஆகமத்தில் ஒரு வசனம் உண்டு. உங்கள் சபை வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இருக்காது. சின்ன மாமியார் கத்தோலிக்கர் என்று எழுதியிருந்தீர்களே, அவர் வீட்டில் இருக்கும். 38ஆம் அதிகாரம்.

மாமியார் விஷயத்தில் சண்டை வேண்டாம். மாவிளக்கு அவருடைய நம்பிக்கை. அதை நீங்கள் ஏற்க வேண்டியதும் இல்லை, வீட்டில் வைத்து வாதாட வேண்டியதும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நீங்கள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்த அந்த ஆறு வாரமும் அவர் விடியற்காலை எழுந்து உளுந்து ஆட்டிக் கடையை நடத்தினார், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். “நன்மையான எந்த ஈவும்” எங்கிருந்து இறங்கி வருகிறது என்று யாக்கோபு எழுதியதை நம்புகிறவருக்கு, அந்தக் கஞ்சிக் கிண்ணம் கணக்கில் சேராதா? கிரியையைத் தேடிச் சபை தாளை உயர்த்திப் பார்த்தது. நான் கடிதத்தை வாசிக்கும்போது அது இரண்டாம் பக்கத்தில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தது.

சோதித்துப் பார்ப்பது சந்தேகமா?

இங்கேதான் உங்களுக்குச் சொல்லப்பட்டது அடிப்படையிலேயே தவறு. பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று சத்தமிட்டபோது ஆண்டவர் சொன்னது: “நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்.” ஆசாரியர் அங்கே பூசை செய்கிறவராக வரவில்லை, பரிசோதகராக வருகிறார். லேவியராகமம் 13ஐ ஒரு டாக்டர் வாசித்தால் அசந்துபோவார். தோலின் நிறத்தைப் பார், மயிர் வெளுத்திருக்கிறதா பார், ஏழு நாள் அடைத்து வை, மறுபடி பார், இன்னும் ஏழு நாள் அடைத்து வை. (அங்கே ‘குஷ்டம்’ என்பது பல தோல் நோய்களுக்குச் சேர்த்து வைத்த பெயர், இன்றைய தொழுநோய் மட்டுமல்ல.) சந்தேகமான இடத்தில் ஒரே பார்வையில் ‘சுத்தம்’ என்று தீர்ப்பு சொல்லும் அதிகாரம் ஆசாரியருக்கே கிடையாது. தம்முடைய கிரியையை அந்தப் பரிசோதனைக்கு அனுப்ப ஆண்டவர் தயங்கவில்லை. அவர்கள் போகையில் சுத்தமானார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது; அனுப்பியபோது உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை.

“எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைப் பாஸ்டர் ஐயாவிடம் மரியாதையாகவே நினைவுபடுத்தலாம். உங்கள் ஊரிலேயே நூறு வருஷத்துக்கு மேலாகக் கிறிஸ்தவத் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறதே. ஜெபிக்கத் தெரியாதவர்களா அதைக் கட்டினார்கள்? தொழுநோய்க்குத் தருகிற கூட்டு மருந்திலும் இதே ரிஃபாம்பிசின்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த இருமல். “நான் மனசுக்குள் சந்தேகப்பட்டதால் சுகத்தை இழந்துவிட்டேனா?” என்று எழுதி, அதை அடித்து, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு மருத்துவராகப் பதில் எளிது: இருமல் நோயினாலும் வரலாம், கடை அடுப்புப் புகையினாலும் வரலாம், சாதாரணச் சளியாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். மனசின் சந்தேகம் நுரையீரலில் கிருமி வளர்க்காது. விசுவாசியாகப் பதில் சொல்ல, மாற்கு எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் நடந்ததைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். குருடனின் கண்களில் ஆண்டவர் உமிழ்ந்து, கையை வைத்து, எதையாவது காண்கிறாயா என்று கேட்கிறார். அவன், “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்” என்கிறான். பாதிப் பார்வை. அவன் நம்முடைய கூட்டத்தில் நின்றிருந்தால், “தெளிவாகத் தெரியுது, ஸ்தோத்திரம்!” என்று அறிக்கை செய்யச் சொல்லியிருப்போம். அவன் உள்ளதைச் சொன்னான். ஆண்டவர் அவன்மேல் கோபப்படாமல் மறுபடியும் கையை வைத்தார். இரண்டாம் முறை வைத்த பிறகே தெளிவாகக் கண்டான். ‘இன்னும் முழுசாகத் தெரியவில்லை’ என்று அவரிடமே சொன்னதால் அவன் ஒன்றையும் இழக்கவில்லை.

அடுத்த மாத மேடை

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

சொல்லிக்கொடுத்தபடியே சாட்சி சொல்வது ஒன்று. ஆபத்து உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பந்தலில் எத்தனை பேர் பையில் இதே செங்கல் நிற மாத்திரை இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ‘நான் நிறுத்தினேன், நன்றாக இருக்கிறேன்’ என்று நீங்கள் சொன்னால், அன்றிரவு அவர்களில் ஒருவராவது நிறுத்துவார். வீடியோ தாய்லாந்து, மலேசியா வரைக்கும் போகும்; அவர்கள் யாரென்றே உங்களுக்குத் தெரியவராது. இந்த வழி வேண்டவே வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது, தள்ளிப்போடுவது. “ஆறு மாதம் முடித்து, கடைசிச் சளியும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா” என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. லூக்கா 17ல் திரும்பி வந்து ஸ்தோத்திரம் சொன்ன அந்த ஒருவனும் தான் ஆரோக்கியமானதைக் கண்ட பிறகே திரும்பினான். உங்கள் நிலைமைக்கு இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, இப்போதே உள்ளதை உள்ளபடி சொல்வது: ஜெபித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், மாமியார் பார்த்துக்கொண்டார், நடுவில் நிறுத்தித் தவறு செய்தேன், மறுபடி தொடங்கியிருக்கிறேன். துணிச்சல் வேண்டிய வழி இது. பார்வை பெற்ற குருடனைப் பரிசேயர் குறுக்கு விசாரணை செய்தபோது அவன் சொன்னதில் ஒன்று: “நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.” தெரியாததைச் சேர்க்கவில்லை. நல்ல சாட்சிக்கு அந்த மாதிரி ஒன்று போதும்.

எந்த வழியானாலும் ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் நோய்த் தகவல் உங்களுக்குச் சொந்தம். அந்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வீடியோ வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பலகாரக் கடை வைத்திருப்பவருக்குக் காசநோய் என்று ஊருக்குத் தெரிந்தால் வியாபாரம் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஃபேஸ்புக்கில் ஏறியதை இறக்க முடியாது. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். அவர் அதை வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா? இன்றைக்கே போன் போடுங்கள். கடைசியாக ஊருக்கு வந்தபோது உங்களோடு இருந்தவர், அவரும் பரிசோதிக்க வேண்டும்.

பாஸ்டரிடம் தனியாகப் போகாமல், சபை மூப்பர்களில் விவரமான ஒருவரையோ மூத்த சகோதரி ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவரைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. ஆறு மாதமும் ஜெபம் வேண்டும் என்று கேளுங்கள். தினமும் மாத்திரை விழுங்கும் நேரத்தில் சபையில் யாராவது ஒருவர் உங்களோடு உட்காரட்டும். ஆஸ்பத்திரிகளில் இப்படிக் கூட உட்கார ஆள் தேடி அலைகிறோம். சபைக்கு அது சுலபம். நான் பார்த்தவரையில், இப்படிக் கேட்டால் பல ஊழியக்காரர்கள் மனம் மாறுகிறார்கள். மாறாவிட்டாலும் மாத்திரையை விடாதீர்கள்.

அக்கா

இதை மூன்று வரியில்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் கடிதம் முழுக்க இதற்காகத்தான் எழுதப்பட்டது என்று தோன்றியது. “எனக்குச் செய்தது கர்த்தர் என்றால், அக்காவுக்குச் செய்யாதது யார்?”

எனக்குத் தெரியாது. அக்காவுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற பேச்சை ஆண்டவரே வெட்டிவிட்டார். ஏன் விழுந்தது என்றும் அவர் விளக்கவில்லை.

உங்கள் ஊரோடு சேர்ந்த ஒரு கதை சொல்கிறேன். அதோனிராம் ஜட்சனை மோல்மேனில் தெரியாத கிறிஸ்தவர் உண்டா? 1813ல் ரங்கூனில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி. முதல் பர்மாக்காரர் ஞானஸ்நானம் எடுத்தது 1819ல். ஆறு வருஷம் காட்டுவதற்கு ஒரு சாட்சி இல்லை. ஆவாச் சிறையில் அவர் கிடந்தபோது சாப்பாடு கொண்டுபோய்க் காப்பாற்றிய மனைவி ஆன், 1826 அக்டோபரில் உங்களுக்குத் தெற்கே ஆம்ஹர்ஸ்டில், இன்றைய சைக்கமியில், காய்ச்சலில் இறந்தார். கணவர் அப்போது ஊரில் இல்லை. ஆறு மாதத்தில் கைக்குழந்தையும் போனது. ஜட்சன் காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். குழி வெட்டி, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருளில் 1829ல் எழுதினார். பர்மிய வேதாகமத்தை அவர் முடித்தது அதற்குப் பிறகு, 1834ல். நம்முடைய மேடைகளில் 1834ஐச் சொல்கிறோம், 1829ஐச் சொல்வதில்லை. அது என் நெடுநாள் குறை.

அக்காவைப் பற்றிச் சபையில் யாரும் இப்போது பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வீட்டிலாவது பேசுங்கள். மகளிடம் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்தோத்திரப் பண்டிகை நாளில் உங்களுக்கு அழுகை வந்தால் அடக்க வேண்டாம். உங்களுக்குக் கிடைத்ததை ஏற்றுக்கொள்வது அக்காவுக்குச் செய்யும் துரோகம் என்று உள்ளே எங்கேயோ நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பாஸ்டர் சொன்னதும் அவ்வளவு சுலபமாக மாத்திரையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தவறாக நினைத்திருந்தால் மன்னியுங்கள். சரியென்றால், அதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு எழுதினாலும் சரி.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால், நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வராமல் தடுக்க மருந்து தருவார்கள். முதலில் எடை போடுவார்கள், அழுவாள். கடையிலிருந்து ஒரு முறுக்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.